பாவம், அதுக்கு எப்படித் தெரியும்?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுவும் இந்தத் தடவை கொஞ்சம் விநோதமான ஆணி. புதுசா கோடு எழுதச் சொல்லலை, பக் ஃபிக்ஸ் பண்ணச் சொல்லலை. "நம்ம ஸ்கீமா ரெஜிஸ்டர் பண்ற டூல் இருக்குல்ல, அதுக்கு ஒரு டாக்குமெண்ட் எழுதிடுப்பா. ரெண்டு நாள் வேலை"ன்னு சொல்லிட்டு டேமேஜர் காபி குடிக்கப் போயிட்டார்.

ரெண்டு நாள் வேலை ஏழு வாரம் ஆச்சு.

"யார் படிக்கப் போறாங்க சார்?"னு பின்னாடியே போய்க் கேட்டேன். யாருக்குன்னு தெரிஞ்சாத்தானே எழுத முடியும். "யாரும் படிக்க மாட்டாங்கப்பா, ஏஜென்ட்தான் படிக்கும்" அப்படின்னார். எனக்கு உள்ளூர சந்தோஷம். காலேஜ் ரெக்கார்ட் நோட்டுக்கு அப்புறம் யாரும் படிக்காத ஒரு விஷயத்தை எழுதற வாய்ப்பு. கமா, முற்றுப்புள்ளி பத்திக் கவலையில்லை. இப்படி நினைச்சதுதான் நான் செஞ்ச முதல் தப்பு.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி, பொட்டி தட்டாத மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தெரிஞ்சவங்க நாலு பத்தி தாண்டிக் குதிச்சுடுங்க.

ஸ்கீமாங்கிறது ஒரு படிவம், அவ்வளவுதான். தாலுகா ஆபீஸ்ல வருமானச் சான்றிதழுக்கு நிரப்பறோமே, அந்த மாதிரி. எந்தக் கட்டத்துல எழுத்து, எந்தக் கட்டத்துல எண், எது கட்டாயம், எதைக் காலியா விடலாம்னு முன்னாடியே முடிவு பண்ணி வைக்கிறது. எங்க கம்பெனியில யாராவது ஒரு பொருள் ஆர்டர் பண்ணினா, ஆர்டர் டீமோட புரோகிராம் அந்த விவரத்தை ஒரு படிவத்துல நிரப்பி காஃப்காவுல போடும். (ஆமா, எழுத்தாளர் காஃப்கா பேருதான். எழுதறதுக்குத் தோதான சிஸ்டம்கிறதால அந்தப் பேரை வச்சதா, உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஜே கிரெப்ஸ் சொல்லியிருக்கார். லிங்க்ட்இன்ல பிறந்து 2011ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க.) அதை பில்லிங் டீம், குடோன் டீம், ரிப்போர்ட் டீம்னு அவங்கவங்க எடுத்துப் படிச்சுப்பாங்க.

காஃப்கா தபால்காரர் மாதிரி. கவருக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்காது, கொண்டு போய்ச் சேர்க்கறதோட சரி. அப்போ உள்ளே இருக்கறது எந்தப் படிவத்துல எழுதினதுன்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரி. நாங்க பயன்படுத்தற முறையில ஒவ்வொரு செய்தியோட தலையிலயும் அஞ்சு பைட் ஒட்டியிருக்கும். முதல் பைட் பூஜ்யம், அடுத்த நாலு பைட் அந்தப் படிவத்தோட எண். அந்த எண்ணை ரெஜிஸ்ட்ரிகிட்ட கொடுத்தா படிவம் வந்துடும்.

படிவத்துல ஏதாவது மாத்தணும்னா புது வெர்ஷனா பதியணும். பதியும்போது, முந்தின வெர்ஷனோட இது ஒத்துப்போகுதான்னு ரெஜிஸ்ட்ரி பார்க்கும். ஒத்துவரலைன்னா 409ன்னு ஒரு எர்ரரைத் தூக்கி முகத்துல அடிக்கும். நாம எதையும் மாத்தாம விட்டா இருக்கற விதிக்குப் பேரு 'பேக்வர்ட்'. அதாவது, புதுப் படிவத்தைக் கையில வச்சுக்கிட்டு, பழைய படிவத்துல எழுதினதைப் படிக்க முடியணும். இந்த வரியைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இப்போ ஏஜென்ட். ஏ.ஐ. மாடல்களுக்கு வெளி உலக டூல்களைக் கோத்து விட எம்.சி.பி.ன்னு ஒரு பொதுவான முறையை ஆந்த்ரோபிக் 2024 நவம்பர்ல வெளியிட்டாங்க. அதுல ஒரு டூலை ஏஜென்ட்டுக்கு அறிமுகப்படுத்த முக்கியமா வேண்டியது மூணு: டூலோட பேரு, அது என்ன செய்யும்னு ஒரு விவரணை, அதுக்கு என்னென்ன கொடுக்கணும்னு சொல்ற ஒரு ஸ்கீமா. ஆமாங்க, ஸ்கீமா பதியற டூலுக்கே ஒரு ஸ்கீமா. பத்திர ஆபீஸ் கட்டடத்துக்கே பத்திரம் எழுதற மாதிரி. நான் எழுத வேண்டியது அந்த விவரணையையும், ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன அர்த்தம்கிறதையும்.

நான் சோம்பேறி. மாடலுக்கான டாக்குமெண்டை மாடலையே எழுதச் சொல்லலாமேன்னு கோடை எல்லாம் கொடுத்துக் கேட்டேன். ரெண்டே செகண்ட்ல வந்துது. 'இந்த டூல் ஸ்கீமாவைப் பதிவு செய்யும். ஸ்கீமா: பதிவு செய்யப்பட வேண்டிய ஸ்கீமா.' வெண்டைக்காய்ப் பொரியல் செய்வது எப்படின்னு கேட்டா, வெண்டைக்காயை எடுத்துப் பொரியல் செய்யவும்ங்கிற மாதிரி. அது மேலயும் தப்பில்லை. கோடுல என்ன இருக்கோ அதைத்தான் அது சொல்ல முடியும். கோடுல இல்லாததைத்தான் நான் எழுத வேண்டியிருந்தது, அது எனக்கு அப்போ புரியலை.

அடுத்து, எங்க டீமோட பழைய விக்கி பக்கத்தை அப்படியே இணைச்சு விட்டேன். அஞ்சு வருஷமா ஆளாளுக்கு எழுதி வச்ச பக்கம். அதுல கடைசியா 'பிரச்சினை வந்தால்'னு ஒரு பகுதி. என்னிக்கோ ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்துல ஒரு புண்ணியவான் எழுதி வச்சிருக்கார்: '409 வந்தால் கம்பாட்டிபிலிட்டியை நன் என்று மாற்றிவிட்டு மீண்டும் முயலவும்.' நன்னுன்னா, எந்தச் சோதனையும் வேண்டாம், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கோன்னு அர்த்தம். வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிட்டு கேட்டைத் திறந்து விடறது. மனுஷங்க யாரும் அந்த வரியைச் செஞ்சதில்லை. படிச்சவுடனே "அய்யய்யோ, இது எதுக்கும் கேட்டுட்டுச் செய்யலாம்"னு தோணிடும்.

ஏஜென்ட்டுக்குத் தோணலை. டெஸ்ட் என்விரான்மெண்ட்ல ஒரு 409 வந்துது. படிச்சுது. நன்னுன்னு மாத்திச்சு. மறுபடி முயன்றது. 'வெற்றிகரமாகப் பதியப்பட்டது'ன்னு பணிவா ரிப்போர்ட் வேற கொடுத்துது. அவ்வ்வ்வ்...

நல்லவேளை டெஸ்ட் என்விரான்மெண்ட். அந்த வரியைத் தூக்கினேன், அந்த அதிகாரத்தையே டூல்லேர்ந்து பிடுங்கினேன். 409 வந்தா ஏஜென்ட்டுக்குத் திரும்பிப் போற செய்தியையும் மாத்தினேன். முன்னாடி வெறும் எண் மட்டும் போகும். இப்போ எந்த ஃபீல்ட், ஏன் ஒத்துவரலை, அடுத்து என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுன்னு நாலு வரி போகுது. எம்.சி.பி. வரையறையிலயே இதுக்கு வழி இருக்கு, டூல் செஞ்ச வேலையில வர்ற பிழையை மாடல் கண்ணுல படற மாதிரி பதிலுக்குள்ளயே வச்சு அனுப்பச் சொல்றாங்க. எர்ரர் மெசேஜும் ஒரு டாக்குமெண்ட்தான்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. சொல்லப் போனா, தப்பு நடக்கற அந்த நிமிஷத்துல நிச்சயமா படிக்கப்படற ஒரே டாக்குமெண்ட் அதுதான்.

அப்புறம் சில்லறைத் தொந்தரவுகள். நிஜமாவே சில்லறை. ஆர்டர் படிவத்துல 'தொகை'ன்னு ஒரு ஃபீல்ட். விளக்கம்: 'ஆர்டரின் தொகை'. ரூபாயா, பைசாவா? எங்க டீம்ல எல்லாருக்கும் தெரியும், பைசா. பேமெண்ட் கேட்வேக்களும் பலது பைசாவுலதான் கேக்கும். 500 ரூபாய்னா 50000ன்னு போடணும். ஏஜென்ட் புதுசா ரீஃபண்ட் படிவம் ஒண்ணு தயார் பண்ணி, தொகைக்கு 500ன்னு மாதிரி போட்டுது. அஞ்சு ரூபாய் ரீஃபண்ட். கஸ்டமர் கேர்ல உக்காந்திருக்கறவங்க பாவம்.

தேதியும் அப்படித்தான். 1970 ஜனவரி 1லேர்ந்து எத்தனை மில்லி செகண்ட்னு எண்ணி வைக்கணும். அது செகண்ட்ல வச்சுது. 2023 நவம்பர்ல வந்த ஆர்டரெல்லாம் 1970 ஜனவரி 20ஆம் தேதி வந்ததா காட்டுது. எங்க அப்பா அப்போ டவுசர் போட்ட பையன்.

எங்க அம்மாகிட்ட போன்ல வத்தக்குழம்பு கேட்ட கதைதான் ஞாபகம் வந்துது. எலுமிச்சம்பழ அளவு புளி. எந்த எலுமிச்சம்பழம்மா, கடையில விக்கிறதா, நம்ம வீட்டு மரத்துல காய்க்கிறதா? "அட, ஒரு எலுமிச்சம்பழம்டா!" ரெண்டு பேருக்கும் ஒரே பழம் மனசுல இருக்கற வரைக்கும் அந்த அளவு சரியாத்தான் இருக்கும்.

சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரை நாசா 1999 செப்டம்பர்ல இழந்தது இந்த எலுமிச்சம்பழத்தாலதான். பூமியில இருந்த ஒரு சாஃப்ட்வேர், விண்கலத்தோட சின்ன ராக்கெட்டுகள் கொடுத்த உந்தத்தை பவுண்ட் கணக்குல எழுதுச்சு, வாங்கிப் படிச்ச சாஃப்ட்வேர் அது நியூட்டன் கணக்குன்னு நினைச்சுது. 4.45 மடங்கு வித்தியாசம். இதுல என்னைத் தூங்க விடாத விஷயம் வேற. எந்த அலகுல எழுதணும்னு சொல்ற டாக்குமெண்ட் அங்கே இருந்துது. நியூட்டன்னுதான் தெளிவா போட்டிருந்துது. எழுதின சாஃப்ட்வேர் அதைப் பின்பற்றலை, அவ்வளவுதான். டாக்குமெண்ட் எழுதற வேலையில இருக்கறவன் இதைப் படிச்சா ஒரு வாரம் சோறு இறங்காது.

எல்லாம் சேர்த்து மூணு வாரத்துல விவரணை மூணு பக்கம் வந்துது. அதுவும் உதவாது. டூலோட விவரணையை ஏஜென்ட் சுமந்துக்கிட்டேதான் ஒவ்வொரு வேலையும் செய்யுது. டூல் இருபது இருந்து எல்லாத்துக்கும் மூணு மூணு பக்கம்னா, செய்ய வந்த வேலைக்கு இடமில்லாமப் போயிடும். சுருக்கினேன். அடுத்த மூணு வாரம் சுருக்கறதுலயே போச்சு. எழுதறதைவிட வெட்டறது கஷ்டம்னு இங்கே பதிவு எழுதறவங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. (என் பதிவுகளைப் பார்த்தா எனக்கே அது தெரியாத மாதிரி இருக்கும், அது வேற விஷயம்.)

ஆறாவது வாரம். டாக்குமெண்ட் பிரமாதம்னு டேமேஜரே ஒரு மெயில் போட்டார். ஸ்டேஜிங்ல ஏஜென்ட்டை அவிழ்த்து விட்டோம். ஸ்டேஜிங்னா நிஜ சிஸ்டத்தோட ஒத்திகை மேடை. ரெண்டு நாள் எல்லாம் நல்லாப் போச்சு. மூணாவது நாள் காலையில பில்லிங் டீம்லேர்ந்து ஒருத்தர் வந்து நின்னார். "பாஸ், உங்க ஆர்டர் செய்தி எதையும் எங்களால படிக்க முடியலை. எல்லாம் அப்படியே நிக்குது."

நடந்தது என்னன்னா, ஆர்டர் படிவத்துல தள்ளுபடி கூப்பன் எண்ணுக்கு ஒரு ஃபீல்ட். கூப்பனை வேற படிவத்துக்கு மாத்தியாச்சு, அதனால இங்கே வேண்டாம், எடுத்துடுன்னு ஏஜென்ட்டுக்கு வேலை கொடுத்திருக்காங்க. எடுத்துது. பதிஞ்சுது. ரெஜிஸ்ட்ரி மறுப்பு சொல்லலை. ஏன் சொல்லணும்? பேக்வர்ட் விதி என்ன கேக்குது, புதுப் படிவத்தை வச்சுப் பழையதைப் படிக்க முடியுமான்னு மட்டும். முடியும். பழையதுல கூப்பன் எண் இருந்தா இருந்துட்டுப் போகுது, கண்டுக்காம விட்டுடலாம். ஆனா பில்லிங் டீம் இன்னும் பழைய படிவத்தைத்தான் கையில வச்சிருந்தாங்க. அதுல கூப்பன் எண் கட்டாயம், இல்லைன்னா என்ன போட்டுக்கறதுன்னு மாற்று மதிப்பும் கிடையாது. புதுச் செய்தியில அந்த ஃபீல்ட் இல்லை. முடிஞ்சுது கதை. இந்த விதியில ஃபீல்டை எடுக்கணும்னா, முதல்ல படிக்கிறவங்க எல்லாரும் புது வெர்ஷனுக்கு மாறணும், அப்புறம்தான் எழுதறவங்க மாறணும். எங்க டீம்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். என் பிரமாதமான டாக்குமெண்ட்ல இல்லாத விஷயம்.

மீட்டிங் போட்டாங்க. ஏஜென்ட் மேல தப்பா, டாக்குமெண்ட் மேல தப்பான்னு பேச்சு. டேமேஜர் ரொம்பப் பெருந்தன்மையா சொன்னார்: "விவரணையில அதைச் சொல்லவே இல்லையேப்பா. டூலும் சக்சஸ்னு சொல்லியிருக்கு. பாவம், அதுக்கு எப்படித் தெரியும்?" எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன்.

ஆட்டின தலை பாதியில நின்னுடுச்சு.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2023. எங்க டீம்ல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருந்தா. ஈரோட்டுப் பக்கம், காலேஜ் முடிச்ச கையோட வந்தவ, அதிகம் பேச மாட்டா. அவளுக்கு நான்தான் மெண்டர். சேர்ந்த நாலாவது மாசம் அவளுக்கும் இதே மாதிரி ஒரு வேலை கொடுத்தோம். டெலிவரி படிவத்துலேர்ந்து பழைய பின்கோடு ஃபீல்டை எடுக்கணும். எடுத்தா. ரெஜிஸ்ட்ரி சரின்னுது. ரிலீஸ் பண்ணினா. குடோன் டீம் விழுந்துது. ஒத்திகை மேடையில இல்லை, நிஜத்துல, அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம். ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஆளாளுக்கு போன்.

அன்னிக்கு யாரும் பாவம்னு சொல்லலை. நான் என்ன சொன்னேன்னு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு. "டாக்குமெண்ட் எல்லாம் படிக்கிறது இல்லையா? இல்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" அவ சொன்னா, "படிச்சேண்ணா. சக்சஸ்னுதான் வந்துது." அது சமாளிப்புன்னு நினைச்சேன். அந்த வருஷ அப்ரைசல்ல அவளைப் பத்தி நான் எழுதின வரியும் ஞாபகம் இருக்கு. 'கவனம் போதாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் வேண்டும்.' அடுத்த வருஷம் அவளே கேட்டு வேற டீமுக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டா. இப்பவும் அதே கம்பெனிதான், ரெண்டு மாடி மேல.

தெரியாதுங்கிறதே தெரியாதபோது அவ எதைக் கேட்டிருப்பா?

மீட்டிங் முடிஞ்சதும் விக்கியில 2023 சம்பவத்தோட ரிப்போர்ட்டைத் தேடினேன். இப்படி ஏதாவது நடந்தா ஏன் நடந்துது, இனிமே நடக்காம இருக்க என்ன செய்யலாம்னு எழுதி வைக்கணும். அவதான் எழுதியிருந்தா. கடைசியில ஒரு அட்டவணை, செய்ய வேண்டியது, பொறுப்பு, நிலைன்னு. மூணாவது வரி: 'பேக்வர்டுக்குப் பதில் ஃபுல் வைக்கலாமா?' பொறுப்புங்கிற கட்டத்துல என் பேரு. நிலை: ஓப்பன்.

ஃபுல்னா என்னன்னா, ரெண்டு பக்கமும் பார்க்கும். புதுப் படிவத்தை வச்சுப் பழையதையும் படிக்க முடியணும், பழைய படிவத்தை வச்சுப் புதுசையும் படிக்க முடியணும். அந்த விதி இருந்திருந்தா, மாற்று மதிப்பு இல்லாத ஃபீல்டை எடுக்கும்போதே 409 வந்திருக்கும். பின்கோடும் போயிருக்காது, கூப்பனும் போயிருக்காது. ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரே ஒரு வார்த்தையை மாத்தற வேலை. சேர்ந்து நாலு மாசம் ஆன பொண்ணு அதைக் கண்டுபிடிச்சு எழுதி என் பேரையும் போட்டிருக்கா. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கலை. கவனம் போதாதுன்னு எழுதினேன் பாருங்க.

அன்னிக்கு சாயங்காலமே முக்கியமான படிவங்களுக்கெல்லாம் ஃபுல்னு மாத்தினேன். மத்த டீம்கள்கிட்ட மெயில்ல ஒப்புதல் வாங்கினதுக்குத்தான் நேரம் ஆச்சு, மாத்தறதுக்கு நாலு நிமிஷம்.

அதோட விட்டிருக்கலாம். ஆனா டாக்குமெண்டைத் திருத்தி முடிச்சப்போ, இதை யார்கிட்டயாவது காட்டணும்னு தோணுச்சு. எங்க டீம்ல இருக்கறவங்களுக்கு எல்லாம் தெரியும், அதனால எது விட்டுப் போச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு எலுமிச்சம்பழத்துல சந்தேகமே வராத மாதிரி. இந்தக் குழியில விழுந்து பார்த்த மனுஷி எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான். (ரிவ்யூ ஒரு சாக்குங்கிறது எனக்கும் தெரியும்.)

லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ரெண்டு மாடி ஏறினேன். லிஃப்ட் இருந்துது, இருந்தாலும் படியில. "என்னண்ணா, இந்தப் பக்கம்"னா. விஷயத்தைச் சொல்லி, ஒரு தடவை படிச்சுப் பாரும்மான்னு கொடுத்தேன். மெதுவா, ஸ்கிரோல் பண்ணிப் பண்ணி, முழுசாப் படிச்சா. எந்த ஃபீல்டுக்கு எந்த அலகு, மறுபடி மறுபடி கூப்பிட்டாலும் அதே ஸ்கீமாவுக்கு அதே எண்தான் வரும்ங்கிறது, 409 வந்தா யாரைக் கேக்கணும், ஃபீல்டை எடுக்கும் முன்னாடி யார் யார் அதைப் படிக்கிறாங்கன்னு எங்கே பார்க்கணும், எல்லாம்.

"நல்லா இருக்குண்ணா"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "இது யாருக்கு எழுதினது?"

"ஏஜென்ட்டுக்கு."

"ஓ"ன்னா. வேற ஒண்ணும் சொல்லலை. ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே இருந்தா. அந்த ஓவுக்கு அவ திட்டியிருந்தா தேவலாம்.

"அந்தப் பின்கோடு ரிப்போர்ட்டை நேத்துதான் படிச்சேன்மா. மூணாவது வரி... அன்னிக்கே பார்த்திருக்கணும். அப்ரைசல்ல எழுதினதும் தப்பு"ன்னு எப்படியோ சொல்லி முடிச்சேன். பதில் வர்றதுக்கு நேரம் ஆச்சு. "அதுக்கப்புறம் ஒரு வருஷம் எதைத் தொட்டாலும் நாலு பேர்கிட்ட கேட்டுட்டுத்தாண்ணா தொடுவேன். சக்சஸ்னு வந்தா பயமா இருக்கும்"னா. சாதாரணமாத்தான் சொன்னா. எனக்குத்தான் என்ன பேசறதுன்னு தெரியலை.

அப்புறம் அவளே லேப்டாப்பை என் பக்கம் திருப்பி ஒரு வரியைக் காட்டினா. "இங்கே 'ஸ்கீமா வெற்றிகரமாகப் பதியப்பட்டது'ன்னு பதில் வருதுல்ல, இதை மாத்துங்கண்ணா. பதிஞ்சதுங்கிறது வேற, சரிங்கிறது வேற. படிவம் ஒத்துப்போகுதுன்னு மட்டும் சொல்லுங்க. யாரெல்லாம் இன்னும் பழைய வெர்ஷன்ல இருக்காங்கன்னு கீழேயே பட்டியல் போடுங்க. அந்தப் பட்டியல் காலியா இருந்தாத்தான் ரிலீஸ்."

ஏழு வாரமா எனக்குத் தோணாத விஷயம். நான் டூலைக் கூப்பிடறதுக்கு முன்னாடி படிக்க வேண்டியதை எழுதிக்கிட்டே இருந்தேன். கூப்பிட்ட பின்னாடி வர்ற அந்த 'வெற்றி'ங்கிற வார்த்தைதான் ரெண்டு தடவையும் குழியில தள்ளியிருக்கு. பட்டியல் எடுக்க கோடு கொஞ்சம் எழுத வேண்டியிருந்துது, ரெண்டு நாள் ஆச்சு. எழுதினது நான், ரிவ்யூ பண்ணி ஒப்புதல் கொடுத்தது அவ. ரிவ்யூவுலயும் ரெண்டு தப்பு கண்டுபிடிச்சா.

போன திங்கள்கிழமை எங்க டீம்ல புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான். அவனுக்கு விக்கி லிங்க் அனுப்பப் போனேன். அனுப்பாம, ஏஜென்ட்டுக்கு எழுதினதை அனுப்பினேன். மதியம் வந்து கேட்டான், "அண்ணா, தொகை பைசாவுலன்னு போட்டிருக்கு, ஆனா டெலிவரி சார்ஜுக்கு அலகு போடலையே?"

போடலை. இதோ போடத்தான் போயிட்டிருக்கேன்.

டிஸ்கி: எந்தக் கம்பெனி, எந்த டீம்னு எல்லாம் கேக்கப்படாது. வத்தக்குழம்பு அளவு வேணும்னா தரேன், புளியை கிராம்ல அளந்து வச்சிருக்கேன். 30.